குரோம்பேட்டையிலிருந்து ஒரகடம் வரை: ஒரு ஷூ நாத்தத்தின் வரலாறு

  இன்னைக்கு எழுதப் போறது சாப்பிட்டுக்கிட்டே படிக்கிற மேட்டர் இல்லை. அதனால கையைக் கழுவிட்டு நிதானமா வாங்க, நான் எங்கேயும் போயிட மாட்டேன்.

நான் குரோம்பேட்டைவாசி. வேலை ஒரகடத்துல, கார் பாகங்கள் செய்யுற ஒரு தொழிற்சாலையில. நான் பாகம் எதுவும் செய்யுறதில்லை. எந்த மெஷின் எந்த ஷிப்டுல எத்தனை பாகம் செஞ்சதுன்னு கணக்கு வைக்கிற மென்பொருளைப் பார்த்துக்கிறேன். போன வருஷம் வீராப்பா ஒரு முடிவு எடுத்து, வாரத்துல ரெண்டு நாள் கம்பெனி பஸ்ஸை விட்டுட்டு சைக்கிள்ல போக ஆரம்பிச்சேன். தாம்பரம், முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை, ஒரகடம். ஒரு பக்கம் கண்டெய்னர் லாரி, இன்னொரு பக்கம் புதுக் கார்களை அடுக்கிக்கிட்டுப் போற நீள ட்ரெய்லர், நடுவுல அடியேன். சைக்கிள் வாங்கின ஜோர்ல, பெடலோட மாட்டிக்கிற கிளீட் வெச்ச ஷூவும் வாங்கியாச்சு. போய்ச் சேர்ந்ததும் கழட்டி மேசைக்கு அடியில தள்ளிட்டு செருப்புக்கு மாறிடுவேன்.

ஒரு மாசம் கழிச்சு பக்கத்து சீட்டு நண்பன், "மச்சி, ஏசி டக்ட்ல எலி செத்துக் கிடக்கு போல" என்றான். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. பராமரிப்பு ஆட்கள் ஏணியோட வந்தாங்க. மேல் தட்டியை நாலு இடத்துல கழட்டி டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க. எலி இல்லை. அதுல ஒரு பெரியவர் மட்டும் ஏணியை விட்டு இறங்கி, மூக்கைச் சுருக்கிக்கிட்டு மெதுவா நடந்து வந்து, என் மேசை முன்னாடி நின்னார். குனிஞ்சு பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. "எலி இல்லப்பா, போலாம்" என்று கூட வந்தவங்களைக் கூட்டிட்டுப் போயிட்டார். அவர் சத்தம் போட்டிருந்தாக்கூட இவ்வளவு வெட்கமா இருந்திருக்காது.

அன்னையிலேர்ந்து ஆராய்ச்சிதான். முதல்ல ஷூவை பாலிதீன் பையில கட்டி ஃப்ரீஸர்ல வெச்சேன். குளிர்ல கிருமி செத்துடும்னு யாரோ சொன்னாங்க. காலையில அம்மா இட்லி மாவு எடுக்கப் போய்.. சரி விடுங்க, அந்த வசனம் எல்லாம் இங்கே வேண்டாம். வீட்டு ஃப்ரீஸர் குளிர்ல பெரும்பாலான பாக்டீரியா சாகாது, தூங்கும். வெளியே எடுத்தா எழுந்து பல் தேய்ச்சிட்டு வேலைக்குப் போயிடும். அடுத்து மொட்டை மாடி, மே மாச வெயில். நாத்தம் பாதி குறைஞ்சது, கூடவே அடிப்பாகத்தைப் பிடிச்சிருந்த பசையும் இளகிப் போச்சு. ஷூ வாயைத் திறந்து சிரிச்சது. மூணாவதா சென்ட் ஸ்ப்ரே. மல்லிகைப்பூ வெச்ச செத்த எலி.

அப்புறம்தான், இந்த நாத்தம் எங்கிருந்து வருது, எப்போ நம்ம ஊருக்கு வந்ததுன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினதுல கிடைச்சதுதான் கீழே வர்றது.

*

வியர்வைக்கு வாசனை கிட்டத்தட்ட கிடையாது. உடம்புலேயே வியர்வைச் சுரப்பிகள் ரொம்ப நெருக்கமா இருக்குற இடங்கள் உள்ளங்கையும் உள்ளங்காலும். கை காத்துல காயுது. கால் மூடிக் கிடக்குது. ஈரத்துல நம்ம தோல்ல எப்பவும் குடியிருக்கிற பாக்டீரியா பெருகி, வியர்வையில இருக்குற லூசின் என்ற அமினோ அமிலத்தை உடைக்குது. வெளியே வர்றது ஐசோவேலரிக் அமிலம். கால் நாத்தத்துல இதுக்கு முக்கியப் பங்கு இருக்குன்னு 2006-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்காங்க. பழைய சீஸ்ல வர்ற வாடையும் இந்தக் குடும்பம்தான். 1996-ல் பார்ட் நோல்ஸ் என்ற டச்சு ஆராய்ச்சியாளரும் கூட்டாளியும், ஆப்பிரிக்காவுல மலேரியா பரப்புற பெண் கொசுவுக்கு மனுஷன் கால் வாடையும் லிம்பர்கர் சீஸ் வாடையும் ஒரே மாதிரி பிடிச்சுப் போகுதுன்னு காட்டினாங்க. அதுக்கு 2006-ல் இக்நோபல் பரிசு. நோபலுக்குத் தம்பி. முதல்ல சிரிக்க வைக்கும், அப்புறம் யோசிக்க வைக்கும்.

இந்தக் கதையில நம்ம பக்கத்து ஊரும் வருது. ஆல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர் கொழும்பில் வேலை பார்த்துக்கிட்டிருந்தார். 1910-ல் அவர் இலங்கையில பார்த்த ஒரு பாத நோயைப் பதிவு செஞ்சார். உள்ளங்கால் தோல்ல ஊசியால குத்தின மாதிரி சின்னச் சின்னக் குழிகள். இன்னைக்கு அதுக்குப் பேர் பிட்டட் கெரட்டோலிசிஸ். இது வந்தா காலும் கடுமையா நாறும். வேடிக்கை என்னன்னா, அவர் பார்த்த ஆளுங்க ஷூ போட்டவங்க இல்லை. மழைக்காலத்துல வெறுங்காலோட ஈரத்துல நடந்தவங்க. அறுபது வருஷம் கூட ஆகலை, 1960-களில் வியட்நாம்ல ஈர பூட்ஸோட திரிஞ்ச அமெரிக்க சிப்பாய்கள் கிட்டயும் இதே குழிகள். ஒருத்தர் வெறுங்கால், இன்னொருத்தர் பூட்ஸ். ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்தது ஒண்ணே ஒண்ணுதான்: காயாத ஈரம்.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டுச்சு. மழைக்காலம் வருஷத்துக்கு ரெண்டு மூணு மாசம் வந்துட்டுப் போயிடும். மூடின ஷூ அப்படி இல்லை. அது நம்ம காலுக்கு நாமே கட்டிக் கொடுத்த முழு வருஷ மழைக்காலம்.

*

சரி, நம்ம கால் எப்போ மூடுச்சு?

சங்க இலக்கியத்துலயே காலணி உண்டு. தொடுதோல் என்று ஒரு அழகான பேர். ஆனா காலங்காலமா நம்ம ஊர்ல நடந்தது திறந்த செருப்புதான். தோலைப் பதப்படுத்தினது ஆவாரம் பட்டையிலயும் கொன்றைப் பட்டையிலயும், கடைசியா கடுக்காய்த் தண்ணியிலயும். ஈஸ்ட் இந்தியா தோல்னு பேர் வாங்கி 19-ம் நூற்றாண்டுல மெட்ராஸ் துறைமுகத்துலேர்ந்து லண்டனுக்குக் கப்பல் ஏறினது இந்தத் தோல்தான். பட்டையில இருக்குற துவர்ப்பு, அதாவது டானின், தோலை அழுக விடாது. பாக்டீரியாவுக்கும் அது அவ்வளவா ஒத்துக்காது. கால் நாத்தத்துக்கு கடுந்தேயிலைத் தண்ணியில காலை ஊற வைன்னு இன்னைக்குச் சொல்ற வைத்தியமும் இதே டானினை நம்பித்தான். திறந்த செருப்பு, துவர்ப்புத் தோல், காத்து. நாத்தத்துக்கு வேலையே இல்லை.

இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துல ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி மெட்ராஸ் கலைப் பள்ளியில குரோமியம் உப்பு வெச்சுத் தோல் பதனிடுற சோதனை செஞ்சார். அவர் முதல்ல குறி வெச்சது ஷூவை இல்லை. கிணத்துலேர்ந்து மாடு கட்டி நீர் இறைக்கிற கவலைப் பறியை! குரோம் தோல் தண்ணியில சீக்கிரம் அழுகாது, விவசாயிக்கு லாபம் என்பது கணக்கு. அப்புறம் சேம்பர்ஸ் என்பவரோட குரோம் லெதர் கம்பெனி பல்லாவரத்தை ஒட்டி வந்தது. அந்தக் கம்பெனி இருந்த இடம்தான் எங்க குரோம்பேட்டை. இத்தனை வருஷம் அந்த ஊர்ல இருந்துக்கிட்டு, பேரோட முதல் பாதி ஒரு ரசாயனம்னு யோசிச்சதே இல்லை. நாறுற ஷூவோட குரோம்பேட்டையிலேர்ந்து கிளம்புறவனுக்கு இதைவிடப் பொருத்தமான விலாசம் கிடைக்குமா?

குரோம் தோல் மெத்துன்னு இருக்கும், வளையும், காலை முழுசா மூடுற ஷூவுக்குத் தோதா இருக்கும். போலீசுக்கும் பட்டாளத்துக்கும் பூட்ஸ் வந்தது. 1930-களில் கல்கத்தா பக்கத்துல பாட்டா தொழிற்சாலை வந்தது, கான்வாஸ் ஷூ பள்ளிக்கூடம் வரைக்கும் போச்சு. 1970-களில் பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்ய மத்திய அரசு கட்டுப்பாடு போட்டதும், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரங்க முழு ஷூ தைக்கிற பக்கம் திரும்பினாங்க. குளிர் நாட்டுக் கால்களுக்குன்னு வடிவமைச்ச ஷூவை நாம தைச்சு அனுப்பினோம், மிச்சத்தை 40 டிகிரி வெயில்ல நாமளும் போட்டுக்கிட்டோம்.

இதுக்குள்ள இன்னொரு வரலாறும் இருக்கு, அதைச் சொல்லாம தாண்டினா தப்பு. நம்ம ஊர்ல நாத்தம் என்பது வெறும் ரசாயனமா இருந்ததே இல்லை. தோலைப் பதனிட்டவங்களையும் செருப்புத் தைச்சவங்களையும் அந்த வாடையைக் காரணம் காட்டித்தான் ஊருக்கு வெளியே நிறுத்தி வெச்சோம். அவங்க தைச்ச செருப்பை அவங்களே போட்டுக்கிட்டு நடக்கக் கூடாத தெருக்கள் இருந்தது. ஏதோ பழங்கதைன்னு நினைக்காதீங்க. 2023 டிசம்பர்ல திருப்பூர் மாவட்டம் ராஜாவூர்ல, பட்டியலின மக்கள் அதுவரைக்கும் செருப்போட நடக்க முடியாம இருந்த ஒரு தெருவுல முதல் தடவையா செருப்புப் போட்டு நடந்தது செய்தியாச்சு. அதே நாட்டுல, என் ஆபீஸ்லேர்ந்து கொஞ்ச தூரத்துல இருக்குற ஸ்ரீபெரும்புதூர்ல ராமானுஜர் சன்னதியில, தலையில வைக்கிற சடாரிக்கு முதலியாண்டான்னு அவர் சீடர் பேர். சடாரி மேல இருக்குறது பாதுகை. ஒருத்தர் காலணி தலைக்கு மேல, இன்னொருத்தர் காலணி கையில. ஏணிக்காரப் பெரியவர் பேசாமப் போனப்போ எனக்கு வந்த வெட்கம் எவ்வளவு பழைய சரக்குன்னு இதைப் படிக்கும்போதுதான் புரிஞ்சது. நாறுறவன் மட்டமானவன் என்பது நமக்குள்ள அவ்வளவு ஆழமா இருக்கு.

*

சைக்கிள் ஷூ பக்கம் வருவோம்.

ரொம்ப காலத்துக்கு பந்தய சைக்கிள் ஷூ மெல்லிய தோல் ஷூதான், மேல பூரா ஓட்டை ஓட்டையா இருக்கும். அடியில ஒரு பள்ளம் வெச்ச கட்டையை ஆணி அடிச்சுப் பொருத்தி, பெடல்ல வாரால இறுக்கிக் கட்டிக்குவாங்க. 1984-ல் பிரான்ஸோட லுக் கம்பெனி, பனிச்சறுக்கு ஷூவை மாட்டுற தொழில்நுட்பத்தை எடுத்து, டக்குனு மாட்டி டக்குனு கழட்டுற பெடலைக் கொண்டு வந்தது. 1985-ல் பெர்னார்ட் இனோ அதை மிதிச்சு டூர் டி பிரான்ஸ் ஜெயிச்சதும் வார் கட்டுற காலம் முடிய ஆரம்பிச்சது. 1990-ல் ஷிமானோ எஸ்பிடி. மிதிக்கிற விசை வீணாகக் கூடாதுன்னு அடிப்பாகம் இறுகிக்கிட்டே போச்சு, முதல்ல பிளாஸ்டிக், அப்புறம் கார்பன் ஃபைபர். மேல்பாகம் செயற்கைத் தோல். தோல் ஷூ ஈரத்தை உறிஞ்சும், ராத்திரி வெளியே விடும். செயற்கை நாருக்கு அந்தப் பழக்கம் கம்மி. உறிஞ்சுற வேலை மொத்தமும் உள்ளே இருக்குற மெத்தை அட்டை தலையில விழுது. நாத்தத்துக்குத் தலைமையகம் அதுதான்.

நாத்தத்தை ஒழிக்க நம்ம நாட்டுலயே ரெண்டு பேர் உட்கார்ந்து ஆராய்ச்சி செஞ்சிருக்காங்க. டெல்லிக்குப் பக்கத்துல ஷிவ் நாடார் பல்கலைக்கழகத்துல விகாஸ் குமார் என்ற ஆசிரியரும், அவர்கிட்ட படிச்ச சார்தக் மிட்டலும். ஹாஸ்டல் அறை வாசல்ல எல்லாரும் ஷூவை வெளியே விட்டு வெச்சிருக்காங்களே ஏன், இடம் இல்லையா என்று ஆரம்பிச்சிருக்காங்க. இடம் இருந்தது, நாத்தம்தான் காரணம். 149 மாணவர்களைக் கேட்டதுல பாதிக்கு மேல தங்களோட ஷூவாலயோ அடுத்தவங்க ஷூவாலயோ சங்கடப்பட்டவங்க. ஷூ அலமாரிக்குள்ள யுவி-சி விளக்கு வெச்சு, விளையாட்டு வீரர்களோட ஷூவைச் சோதிச்சாங்க. ரெண்டு மூணு நிமிஷம் போதும்னு தெரிஞ்சது. ரொம்ப நேரம் வெச்சா ஷூ சூடாகி ரப்பர் கருகுற வாடை. (என் மொட்டை மாடி அனுபவம்!) அவங்க குறி வெச்ச பாக்டீரியா பேர் கைட்டோகாக்கஸ் செடென்டேரியஸ். இலங்கையில காஸ்டெல்லானி பார்த்த குழி நோய்க்கும் இதைத்தான் முக்கியக் காரணமா சொல்றாங்க. செடென்டேரியஸ்னா உட்கார்ந்தே இருக்கிறதுன்னு அர்த்தம். மென்பொருள் துறைன்னு நினைக்கிறேன். ஆய்வு வெளிவந்தது 2022-ல், 2025-ல் இக்நோபல் பரிசும் வாங்கிட்டாங்க.

*

இப்போ ஒரகடம்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் உருள ஆரம்பிச்சது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா வந்து 2014-ல் மூடினது. 2010-ல் ஒரகடத்துல ரெனோ-நிஸான், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. இருங்காட்டுக்கோட்டை சிப்காட்லயே காலணிப் பூங்காவும், காலணி வடிவமைப்பு சொல்லித் தர்ற மத்திய அரசு நிறுவனமான எஃப்டிடிஐ-யோட வளாகமும் இருக்கு. வயல்ல வெறுங்காலோட இறங்கின குடும்பத்துப் பசங்க ஒரே தலைமுறையில இரும்பு மூக்கு வெச்ச சேஃப்டி ஷூவுக்குள்ள கால் விட்டாங்க. விரல் மேல இரும்பு விழுந்தா அந்த ஷூதான் காப்பாத்தும், அதுல சந்தேகமே இல்லை.

அந்த மாதிரி ஷூவுக்கு ஐஎஸ்ஓ 20345 என்று ஒரு தரம் உண்டு. தோல் ஷூவோட மேல்பாகம் ஒரு சதுர சென்டிமீட்டர் வழியா மணிக்கு குறைஞ்சது 0.8 மில்லிகிராம் நீராவியை வெளியே விடணும்னு அதுல இருக்கு. இன்ஜினியர் புத்தி சும்மா இருக்குமா? ஒரு ஷூவுக்கு மேல்பாகம் 500 சதுர சென்டிமீட்டர்னு வெச்சுக்குவோம். மணிக்கு 0.4 கிராம். 12 மணி நேரத்துக்கு 5 கிராம் கூட இல்லை. ஒரு டீஸ்பூன்! நல்ல ஷூ இதைவிட அதிகம் விடும், ஆனா நின்னுக்கிட்டே வேலை செய்யுற காலு விடுற வியர்வையும் இதைவிட ரொம்ப அதிகம். மிச்சம் எல்லாம் உள்ளேயே. அது காய ஒரு ராத்திரி பத்தாது, முழுசா ஒரு நாளாவது வேணும்.

இதைப் படிச்ச சூட்டோட ஒரு நாள் ஷிப்டு மாறும் நேரத்துல லைன் பக்கம் போனேன். உடை மாத்துற அறை. வரிசையா ஷூ. என் மேசைக்கு அடியில இருந்த அதே வாடை, நூறு மடங்கு. ஒப்பந்தத் தொழிலாளி ஒருத்தர், செய்யாறு பக்கத்துக்காரர், என்னைவிட நாலஞ்சு வயசு மூத்தவர், பெஞ்சுல உட்கார்ந்து கால் விரல் இடுக்கைத் துணியால துடைச்சுக்கிட்டிருந்தார். நான் ஏதோ பெரிய மேதாவி மாதிரி, "அண்ணே, நியூஸ்பேப்பர் அடைச்சு வெச்சா ஈரம் இழுக்கும்ணே, உள் அட்டையைத் தனியா எடுத்துக் காய வைங்க" என்றேன்.

அவர் சிரிச்சார். "அதெல்லாம் பண்றதுதான் சார். ஏழு மணிக்குக் கழட்டி மறுநாள் காலைல ஆறரைக்கு மாட்டினா எப்படி சார் காயும்? ரெண்டு ஜோடி இருந்தா இந்த நாத்தமே வராது. கொடுக்கறது வருஷத்துக்கு ஒண்ணு. ரூம்ல எட்டுப் பேரு. எல்லார் ஷூவும் வாசல்லதான் கிடக்கும்."

ஙே என்று நின்னேன். கொழும்பு, வியட்நாம், ஜப்பான்னு சுத்தி நான் கண்டுபிடிச்சதை அவர் ஒரே வரியில சொல்லிட்டார்.

முதல் உலகப் போர்ல பிரான்ஸ் பதுங்கு குழிகள்ல சிப்பாய்களுக்குக் கால் அழுகிச்சு. நம்ம இந்தியச் சிப்பாய்களும் அந்தச் சேத்துல நின்னவங்கதான். ஆரம்பத்துல சிப்பாய் மேலதான் பழி. பிறகு பிரிட்டிஷ் ராணுவம் மாத்து சாக்ஸ் கொடுத்து, தினமும் காலைத் துடைச்சு சாக்ஸ் மாத்தணும், அதிகாரி கூடவே நின்னு பாதத்தைப் பார்க்கணும்னு உத்தரவு போட்டுச்சு. பொறுப்பு சிப்பாய் கிட்டேர்ந்து அதிகாரிக்கு மாறின பிறகுதான் நோய் குறைஞ்சது. மாத்து சாக்ஸுக்கும் ஒரு உத்தரவுக்கும் அதுல பெரிய பங்கு.

*

என் ஷூ இப்போ நாறலை. செஞ்சதை சுருக்கமா சொல்லிடறேன், யாருக்காவது உதவும்.

சைக்கிள் ஓட்டி முடிச்ச உடனே உள் அட்டையை வெளியே எடுத்துடுறேன், ஷூவுக்குள்ள பேப்பர் சுருட்டி வைக்கிறேன், ஒரு மணி நேரத்துல அந்தப் பேப்பரை மாத்துறேன். நேர் வெயில் வேண்டாம், நிழலும் ஃபேன் காத்தும் போதும். வாரம் ஒரு ராத்திரி சமையல் சோடா தூவி காலையில தட்டிடுவேன். சோடா காரம், நாத்தம் அமிலம். ரெண்டும் சேர்ந்தா ஆவியாகாத உப்பு. ஆனா சோடா நாத்தத்தைத்தான் அமுக்கும், ஈரம் இருந்தா அடுத்த நாளே திரும்ப வரும். பருத்தி சாக்ஸ் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும், அதனால மெல்லிய கம்பளியோ ஓட்டத்துக்குன்னே வர்ற செயற்கை நாரோ நல்லது. உள் அட்டையை சில மாசத்துக்கு ஒரு தடவை தூக்கிப் போட்டுடுங்க. பாதத்துல குழி குழியா தெரிஞ்சா தோல் டாக்டரைப் பாருங்க, அது மருந்துல சரியாகுற விஷயம்தான்.

எல்லாத்துக்கும் மேல, ரெண்டு ஜோடி. இன்னைக்குப் போட்டது நாளைக்கு ஓய்வு. எனக்கு அது ஒரு மாச சம்பளத்துல சின்னத் துண்டு, யோசிக்காம வாங்கிட்டேன்.

லைன்ல இருக்குறவங்களுக்கு ரெண்டாவது ஜோடியும், உடை மாத்துற அறையில ஃபேன் வெச்ச ஒரு ஷூ அலமாரியும் வேணும்னு கோரிக்கை எழுதி உள் டிக்கெட் ஒண்ணு போட்டிருக்கேன். மேலே இருக்குற டீஸ்பூன் கணக்கையும் இணைச்சிருக்கேன். "தொழிலாளர்களுக்குத் தனிமனித சுகாதாரம் பற்றி விழிப்புணர்வு வகுப்பு நடத்தலாமே" என்று ஒரு பதில் வந்தது. கால் துடைக்கிறது எப்படின்னு அந்த செய்யாறு அண்ணனுக்கு யார் வகுப்பு எடுக்கப் போறாங்களோ தெரியலை. நான் டிக்கெட்டை மூடலை. திங்கட்கிழமை காலையில மறுபடி திறந்து, அவர் சொன்ன அந்த ஒரே வரியை அப்படியே போட்டேன். நாலு வாரம் ஆச்சு, இன்னும் ஓபன்லதான் இருக்கு.

டிஸ்கி: எலி தேடி வந்த அந்தப் பெரியவரைப் போன வாரம் கேண்டீன்ல பார்த்தேன். "இப்போ வாடை இல்ல போலயே தம்பி" என்றார். எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்குமோ.. ஹி ஹி.